படத்தில் இடது... உடம்பில் வலது!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய தொடக்க உரை)



இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் செரிமான மண்டலத்தை எப்படிக் கற்பிப்பது என்பதுதான் இன்றைய கருத்தரங்கின் தலைப்பு. இந்தத் தலைப்பைச் சொன்னதும் என் தோழி ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் சாப்பிடுற நேரத்துல குடலைப் பத்திப் பேசப் போறியா? எல்லாரும் சேனல மாத்திருவாங்க" என்றாள். மாற்றாமல் இருக்கும் நேயர்களுக்கு முதலில் என் நன்றி.

நான் மருத்துவரும் இல்லை, ஆசிரியையும் இல்லை. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். என் பக்கத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவரும் குடல்நோய் மருத்துவர் ஒருவரும் அமர்ந்திருக்கிறார்கள். வழக்கமாக என் தொடக்க உரை இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. இன்று கொஞ்சம் நீளும். என் வயிற்றில் இருக்கும் ஒரு தழும்புதான் அதற்குக் காரணம்.

2004ஆம் ஆண்டு நான் படிவம் 2 மாணவி. அதற்கு முந்தைய ஆண்டுதான் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நம் நாட்டில் தொடங்கியிருந்தது. 2003இல் படிவம் 1இல் காலடி வைத்த நாங்கள்தான் அதன் முதல் கூட்டம். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் படித்தவர்கள், திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு விழித்தோம். புரிந்ததோ இல்லையோ, மனப்பாடம் செய்யத் தெரிந்தவர்கள் தப்பித்தோம். நான் நன்றாகவே மனப்பாடம் செய்வேன். செரிமான மண்டலத்தின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். தேர்வில் எல்லா உறுப்புக்கும் பெயர் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். ஈசோஃபேகஸ் என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் 'ஓ' எழுத்து உண்டு என்பதைக்கூட மறக்கவில்லை.

அந்தத் தேர்வு முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை மாலை பள்ளி விட்டு வந்ததும் தொப்புளைச் சுற்றி மந்தமாக ஒரு வலி. இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். அப்பா வாங்கி வந்த ரொட்டி சானாயைக்கூடத் தொடவில்லை. "சூடு பிடிச்சிருக்கு" என்று பாட்டி தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். நள்ளிரவில் வாந்தி. விடிந்தபோது வலி இடம் மாறியிருந்தது. இப்போது அது வலப்பக்கம், கீழே, இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே இருந்தது. நடந்தால் குத்தியது. இருமினால் உயிர் போனது.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். "அப்பெண்டிக்ஸா இருக்கப் போகுதுக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார். வீட்டில் அறிவியல் படித்தவள் நான்தானே!

"இல்லைமா. அப்பெண்டிக்ஸ் இடது பக்கம் இருக்கு. எனக்கு வலது பக்கம்தானே வலிக்குது" என்றேன். சொன்னதோடு விடவில்லை. தம்பியை அனுப்பிப் பாடப்புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அந்தப் படத்தில் அது தாளின் இடது பக்கத்தில்தான் இருந்தது. படிக்கிற பிள்ளை புத்தகத்தோடு சொன்னால் எந்தத் தாய்தான் நம்பமாட்டார்?

பாட்டி வயிற்றை வழித்துவிட்டார். பேதியானால் சரியாகிவிடும் என்று விளக்கெண்ணெயைக் குடிக்கவும் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அப்படியே போனது. சனிக்கிழமை காலை வலி சட்டென்று குறைந்தது. பாட்டி சாமிக்கு விளக்கேற்றினார். நண்பகலுக்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது. வயிறு பலகை போல இறுகிவிட்டது. அப்பா வேனைப் பிடித்து என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

வலி குறைந்தது குணமானதால் அல்ல. உள்ளே குடல்வால் வெடித்துவிட்டதால்.

அறுவை சிகிச்சை முடிந்து 12 நாள் படுக்கையில் கிடந்தேன். தெளிவாகப் பேசத் தொடங்கியதும், எனக்குச் சிகிச்சை அளித்த இளம் மருத்துவர் ஒரு தாளில் குடலை வரைந்து, எதை வெட்டி எடுத்தார்கள் என்று மலாய்மொழியில் விளக்கினார். நான் அப்போதும் விடவில்லை. "அது இடது பக்கம் இல்லையா, டாக்டர்?" என்றேன். முதலில் அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்தத் தாளை எடுத்து, படம் வெளியே தெரியும்படி என் வயிற்றின் மேல் வைத்தார். "இந்தப் படத்தில் இருப்பவர் உன்னைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது கை, உன் இடது கைக்கு எதிரே இருக்கும். இப்போது இந்தப் படம் நீதான். அப்பெண்டிக்ஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

முழு மதிப்பெண் வாங்கிய எனக்கு அன்றுதான் தெரிந்தது, அந்தப் படத்தில் ஒரு மனிதன் நிற்கிறான் என்று. அதுவரை அது எனக்கு வெறும் படம்தான்.

அம்மா இன்றைக்கும் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லிக் கண் கலங்குவார். தவறு அவருடையது அல்ல என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வயிறு எங்கே இருக்கிறது?

நேயர்களே, இது 20 ஆண்டுகளுக்கு முந்தைய கதை, இன்றைய பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் கருத்தரங்கிற்காகக் கேமராவோடு ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் போயிருந்தோம். படிவம் 2 வகுப்பு. பாடம் இன்னும் தொடங்கவில்லை. "எல்லாரும் உங்கள் இரைப்பை இருக்கும் இடத்தில் கையை வையுங்கள்" என்றேன். பெரும்பாலான கைகள் தொப்புளுக்குப் போயின. ஒரு பையன் தொப்புளுக்கும் கீழே வைத்தான். இரைப்பை இருப்பது மேலே, விலா எலும்புகளின் அடியில், சற்று இடப்பக்கமாக. அங்கே கை வைத்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பேச்சும் இதற்கு ஒரு காரணம். வீட்டில் நாம் 'வயிறு' என்கிறோம். அது மார்புக்குக் கீழே இருக்கும் அத்தனையையும் குறிக்கும். மலாய்மொழியில் 'பெருட்' என்ற சொல்லும் அப்படியே. வெளியே தெரியும் வயிறும் அதுதான், உள்ளே இருக்கும் இரைப்பையும் அதுதான். ஆங்கிலத்திலும் பேச்சு வழக்கில் இதே குழப்பம். இன்னொன்றும் உண்டு. மலாய்மொழியில் 'ஹாத்தி' என்றால் கல்லீரல். ஆனால் நாம் அன்றாடம் கேட்பது 'சாக்கிட் ஹாத்தி', அதாவது மனவருத்தம். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளை அந்தச் சொல்லைப் படத்தில் பார்த்தால் என்ன நினைக்கும்? "இதயம் பித்தநீரைச் சுரக்கிறது" என்று ஒரு மாணவி எங்கள் கேமரா முன்னாலேயே சொன்னாள். அவள் மேல் தவறே இல்லை. சொல்தான் அவளைத் தவறான இடத்தில் இறக்கிவிட்டது.

நம் பிள்ளைகள் ஆண்டு 3இல் தமிழிலேயே செரிமானத்தைப் படித்துவிடுகிறார்கள். வாய், உணவுக்குழாய், இரைப்பை, குடல், மலவாய் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். படிவம் 2இல் அதே பாடம் ஊட்டச்சத்து அத்தியாயத்தில் மலாய்மொழியில் வருகிறது. இருமொழித் திட்டம் உள்ள பள்ளிகளில் ஆங்கிலத்தில் வருகிறது. முன்பு படித்ததும் இதுவும் ஒன்றுதான் என்று சொல்லிக் கொடுப்பதற்கு அங்கே ஆள் இல்லை. பிள்ளை இரண்டு தனித்தனி உடம்புகளைப் படிக்கிறது. நம் தமிழ்ப் பெயர்களோ பொருளைத் தாங்களே சொல்லிவிடும். இரை தங்கும் பை இரைப்பை. குடலில் தொங்கும் வால் குடல்வால். பெற்றோர்கள் வீட்டில் அந்தப் பழைய சொற்களை எடுத்துப் புதிய சொற்களுக்குப் பக்கத்தில் எழுத வைத்தாலே போதும். இதற்கு டியூஷன் தேவையில்லை. ஒரு தாளும் பத்து நிமிடமும் இருந்தால் போதும்.

மாஜோங் தாளில் படுத்த பையன்

அந்த வகுப்பு ஆசிரியை பாடத்தைத் தொடங்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புத்தகத்தைத் திறக்கவே இல்லை. தரையில் பெரிய மாஜோங் தாளை விரித்தார். ஒரு பையனை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, அவன் உடம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். "காலையில் நாசி லெமாக் சாப்பிட்டாய், ஒரு போத்தல் தண்ணீர் குடித்தாய். இரண்டும் எங்கே போயின? குழுவாகச் சேர்ந்து வரையுங்கள்" என்றார்.

அவர்கள் வரைந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரு குழு வாயிலிருந்து இரண்டு குழாய்கள் போட்டிருந்தது. ஒன்று சோற்றுக்கு, ஒன்று தண்ணீருக்கு. தண்ணீர்க் குழாய் நேரே சிறுநீர்ப்பையில் போய் நின்றது. இன்னொரு குழு தொப்புளில் ஒரு பானையை வரைந்து அதற்குள் நெத்திலியும் அரை முட்டையும் மிதக்க விட்டிருந்தது. மற்றொரு குழுவின் படத்தில் உள்ளே போக வழி இருந்தது, வெளியே வர வழியே இல்லை. வெட்கம்!

இந்தத் தவறுகள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. உலகத்தின் பல நாடுகளில் பிள்ளைகள் இப்படித்தான் இரண்டு குழாய்கள் வரைகிறார்கள். ஆசிரியை யாரையும் திருத்தவில்லை. தாள்களைச் சுவரில் ஒட்டினார். மூன்று வாரம் பாடம் நடந்தது. கடைசி நாளில் அந்தந்தக் குழுவே தன் படத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்த வேண்டும் என்றார். திருத்தினார்கள். அதன்பின் அட்டையில் வெட்டிய உறுப்புகளைக் கரும்பலகையில் ஒட்டச் சொல்லவில்லை. பழைய டீ-சட்டையில் ஒட்டி, அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார். கல்லீரல் எந்தப் பக்கம், குடல்வால் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஒவ்வொரு முறையும், "யாருடைய வலது?" என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டார். ஒளிப்பதிவாளருக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் என் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

உணவுக்குழாயைப் பற்றிய பாடத்தில், சாப்பாடு புவியீர்ப்பால் கீழே விழுகிறது என்றே பலரும் நம்பினார்கள். அதற்கு ஆசிரியை எடுத்த உதாரணம் நம் நாட்டு விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் ஷுக்கோர். 2007இல் அவர் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குப் போனபோது நம் நாட்டு உணவு வகைகளைக் கொண்டு போனார். அங்கே மேல் எது, கீழ் எது? சாப்பிட்டது எப்படி இரைப்பைக்குப் போனது? ஒரு காலுறைக்குள் பந்தைப் போட்டுப் பின்னாலிருந்து பிதுக்கிக் காட்டியதும் வகுப்பே 'ஓ...' என்றது. தசைகள் சுருங்கித் தள்ளுகின்றன. 25 செண்டிமீட்டர் நீளமுள்ள குழாய் அது.

பிறகு கொடி கட்டும் நைலான் கயிறு வந்தது. 6 மீட்டர் அளந்து வெட்டினார்கள். அதுதான் சிறுகுடல். வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை போனது. பெருங்குடலுக்கு ஒன்றரை மீட்டர். "சிறுகுடல் ஏன் டீச்சர் பெரிசா இருக்கு?" என்றான் ஒருவன். பெயர் வந்தது அகலத்தால், நீளத்தால் அல்ல. இது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கயிற்றைக் கையில் பிடித்தவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

குடலை விரித்தால் ஒரு டென்னிஸ் திடல் அளவு இருக்கும் என்று நாங்கள் படித்தோம். இன்றும் பலர் அப்படியே சொல்கிறார்கள். 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் அதை மீண்டும் அளந்து பார்த்து, ஏறத்தாழ 30 சதுர மீட்டர்தான், அதாவது அரைப் பூப்பந்துத் திடல் என்றார்கள். பூப்பந்து என்றால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? அரைத் திடல் என்றாலும் அது நம் வயிற்றுக்குள் மடித்து வைத்திருக்கும் அரைத் திடல். மடிப்பின் மேல் மடிப்பு, அதன் மேல் மயிரிழை போன்ற குடலுறிஞ்சிகள், அவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள். ஏன் இவ்வளவு? உறிஞ்சுவதற்காகத்தான்.

நம் பாடம் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பேன். சாப்பாடு வாயில் நுழைந்தது, கழிவாக வெளியேறியது என்று ஒரு ரயில் பயணம் போலச் சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மையான பயணம் வேறு. குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்திற்குள் போவதுதான் பயணம். மலவாய்க்குப் போவது மிச்சம். நாம் குடிப்பதும் உடம்பே சுரப்பதுமாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீர்மம் குடலுக்குள் வருகிறது. வெளியே போவது ஒரு கோப்பை அளவுக்கும் குறைவு. மற்றதெல்லாம் உறிஞ்சப்பட்டு இரத்தத்திற்குப் போய்விடுகிறது. அந்த இரண்டாவது குழாய் தேவையில்லை என்பது இதைச் சொன்ன பிறகுதான் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

வாயிலேயே தொடங்கும் சீனி

சீனி போடாத வெள்ளை ரொட்டித் துண்டை இரண்டு நிமிடம் விழுங்காமல் மென்று பாருங்கள். மெல்ல இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி, மாச்சத்தைச் சீனியாக உடைக்கத் தொடங்கிவிட்டது. நொதிகளின் அட்டவணையை நானும் மனப்பாடம் செய்தவள்தான். அமிலேஸ், புரோட்டியேஸ், லிப்பேஸ் என்று பாட்டாகப் பாடினோம். ஆனால் வாயில் ஒரு துண்டு ரொட்டியை வைத்துப் பார்க்க யாரும் சொன்னதில்லை. அயோடின் சோதனையும் விஸ்கிங் குழாய்ச் சோதனையும் பாடத்தில் உண்டு. அவற்றையும் நேரமில்லை என்று ஆசிரியர் முன்னால் நின்று செய்துகாட்ட, நாங்கள் பின்வரிசையில் கழுத்தை நீட்டிப் பார்த்ததோடு சரி.

இந்த ரொட்டித் துண்டு ஏன் முக்கியம்? நம் வீடுகளைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். அலமாரியில் சீனி அளக்கும் கருவி இல்லாத நம்மவர் வீடு எத்தனை? தாத்தா விரலைக் குத்திப் பார்ப்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறது. மேசையில் அறிவியல் புத்தகம் திறந்து கிடக்கிறது. இந்த இரண்டும் ஒரே பாடம் என்று அதற்கு யாரும் சொல்வதில்லை.

"நான் சீனியே சேர்த்துக்கிறது இல்லை, தேத்தண்ணி கூட கோசோங்தான்" என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு வெள்ளைச் சோறு சாப்பிடும் பெரியவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். சோறு வாயில் சீனியாக மாறத் தொடங்கி, சிறுகுடலில் முழுதாக மாறி, சுவரைத் தாண்டி, கல்லீரல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. அதைத்தான் அந்தக் கருவி காட்டுகிறது. நாம் பத்துத் துண்டுப்பிரசுரம் அச்சடிப்பதைவிட, 14 வயதுப் பேத்தி தாத்தாவிடம் இதைச் சொன்னால் அவர் கேட்பார்.

இனி, எங்கள் வகுப்பில் எல்லாரும் தவிர்த்த கடைசிப் பகுதிக்கு வருகிறேன். மலக்குடல் என்ற சொல் வந்ததும் ஆசிரியர் வேகம் எடுத்தார், நாங்கள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டோம். நான் பார்த்த ஆசிரியை சோளத்தை வைத்து இதைச் சமாளித்தார். சோளத்தின் தோல் முழுதாகச் செரிப்பதில்லை. என்று சாப்பிட்டாய், என்று மறுபடியும் பார்த்தாய் என்று எழுதி வா. தாளில் பெயர் வேண்டாம். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு எல்லாரும் எழுதி வந்தார்கள். வாயிலிருந்து வெளியே வரப் பொதுவாக ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும் என்பது புத்தகக் கணக்கு. அதைவிட மிக அதிக நாள் எழுதியிருந்த தாள்கள் சில இருந்தன. ஏன் என்று பொதுவாகக் கேட்டபோது ஒரு மாணவி சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல போகமாட்டோம் டீச்சர். கழிவறை நாறும். அடக்கிக்குவோம்." காலை ஏழரை மணிக்கு வருபவள், பிற்பகல் வரை அடக்குகிறாள். போகாமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறாள். பெருங்குடலோ காத்திருக்கும் நேரமெல்லாம் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலச்சிக்கலுக்கு வேறென்ன காரணம் வேண்டும்? 2023இல் நாடெங்கும் பள்ளிக் கழிவறைகளைச் சீரமைக்கும் வேலையை அரசாங்கம் கையில் எடுத்தது. நல்ல வேலைதான். உங்கள் பிள்ளையின் பள்ளியில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு 'கேஸ்ட்ரிக்'

மலேசியர்களாகிய நமக்கென்றே ஒரு நோய் உண்டு. அதன் பெயர் 'கேஸ்ட்ரிக்'. ஆங்கிலத்தில் அது இரைப்பை தொடர்பான என்று பொருள்படும் ஓர் அடைமொழி மட்டுமே. நாம் அதை நோயாக்கிவிட்டோம். நெஞ்செரிச்சல், வாயு, புண், சில சமயம் மாரடைப்பின் வலிகூட நம் வாயில் 'கேஸ்ட்ரிக்'தான். பசியாறாமல் பள்ளிக்கு வந்து பத்து மணிக்கு வயிற்றைப் பிடிக்கும் பிள்ளையும் அதையேதான் சொல்கிறது. இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி, மற்றொன்று சில வகை வலி மாத்திரைகள். மன உளைச்சலும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பியிருந்தபோது, ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். இரைப்பை அழற்சியால் அவதிப்பட்டார். 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் இந்தக் கிருமியைப் பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடையே இது அதிகம் என்பது பலமுறை உறுதியான செய்தி. மருத்துவர் இதைப் பற்றி விரிவாகப் பேசுவார்.

இன்னொரு கதையும் உண்டு. 1822இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் செயிண்ட் மார்ட்டின் என்ற இளைஞர் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இரைப்பைக்குள் நேரே பார்க்கும்படியான ஓட்டை ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமோண்ட், இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, நேரம் குறித்து வெளியே இழுத்துப் பார்த்தார். 1833இல் 238 சோதனைகளைப் புத்தகமாக வெளியிட்டார். இரைப்பையில் நடப்பது அரைப்பது மட்டுமல்ல, அங்கே ஒரு சாறு உணவைக் கரைக்கிறது என்பதற்கு இவ்வளவு நேரடியான சான்று அதற்கு முன் இருந்ததில்லை. இந்தக் கதையை அந்த வகுப்பில் நான் சொன்னேன். சாற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "அந்த ஆள் சம்மதிச்சாரா?" என்றுதான் கேட்டார்கள். ஏழைத் தொழிலாளி அவர், பியூமோண்டிடம் சம்பளத்திற்கு இருந்தவர். சம்மதம் என்றால் என்ன என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அரை மணி நேரம் வீணானது என்று அந்த ஆசிரியை நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

உரையை முடிக்கும் முன், என்னை இங்கே கொண்டு வந்த விஷயத்தைப் பெற்றோர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் குடல்வால் அழற்சி அதிகமாக வருகிறது. நான் படித்துக்கொண்டிருந்த அதே வயது. வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கும். பசி போய்விடும். வாந்தி, இலேசான காய்ச்சல் வரலாம். சில மணி நேரத்தில், அல்லது மறுநாளுக்குள், வலி வலப்பக்கம் கீழே இறங்கும். உங்களுடைய வலப்பக்கம். அப்போது வயிற்றை வழிக்கக் கூடாது, பேதிக்குக் கொடுக்கக் கூடாது. வலி தானாகக் குறைந்தால் விளக்கேற்றிவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. எல்லாருக்கும் இதே வரிசையில் வருவதில்லை. அதனால் சந்தேகம் இருந்தாலே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இன்று அரங்கத்தில் படிவம் 2 மாணவர்கள் சிலரும் வந்திருக்கிறார்கள். டீ-சட்டையில் உறுப்புகளை ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். கேமரா அவர்கள் பக்கம் திரும்பட்டும். முதல் வரிசையில் இருக்கும் தம்பி, உன் குடல்வால் எங்கே? ...ஆமாம், அங்கேதான். நன்றி.

ஆசிரியர் அவர்களே, முதல் கேள்வி உங்களுக்கு. 40 நிமிட வகுப்பில், 30க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இதையெல்லாம் எப்படி ஐயா செய்வது?